ஒரு பம்ப் ஷாஃப்ட், ஏழு ஆபரேஷன்: எஸ்ஏபி-யில் ரூட்டிங் அமைப்பது எப்படி?

எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருளின் உற்பத்தித் திட்டமிடல் பகுதிக்குப் புதிதாக வருபவர்கள் முதல் நாளே சிஏ01 திரையைத் திறந்து ரூட்டிங் (ஒரு பொருள் எந்த வரிசையில், எந்த இயந்திரத்தில், எவ்வளவு நேரத்தில் செய்யப்படுகிறது என்ற பட்டியல்) போட ஆரம்பித்துவிடுகிறார்கள். சிஏ01 போன்ற குறியீடுகள் எஸ்ஏபி-யில் ஒவ்வொரு திரையையும் திறக்க அடிக்கும் கட்டளைகள். இரண்டாவது வரியிலேயே ஒர்க் சென்டர், அதாவது வேலை நடக்கும் இயந்திரம் அல்லது இடம், இல்லை என்று நிற்கிறது. அதைப் போடப் போனால் காஸ்ட் சென்டர் (செலவைக் கணக்கு வைக்கும் பிரிவு) கேட்கிறது. உண்மையில் சிஏ01 கடைசிக்குக் கொஞ்சம் முந்தைய வேலை. அதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பாதி கணினி முன் உட்கார்ந்து செய்வதல்ல, இயந்திரத்தின் பக்கத்தில் நின்று செய்வது.

கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் தினமும் ஓடுகிற ஒரு பொருளையே எடுத்துக்கொள்வோம்: மோனோபிளாக் பம்புக்கான ஷாஃப்ட். இஎன்8 எஃகு, 25 மி.மீ. விட்டமுள்ள ராடு, முடிந்த நீளம் 300 மி.மீ. ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் செய்யும் தொகுதிக்கு, 200 ஷாஃப்ட். இங்கே வரும் நேரங்களும் கட்டணங்களும் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் எண்களை உங்கள் ஷாப் ஃப்ளோரில்தான் எடுக்க வேண்டும்.

முதலில் ஒரு வெள்ளைத்தாள்

போர்மேனோடு உட்கார்ந்து, ராடு உள்ளே வருவதில் தொடங்கி ஷாஃப்ட் ஸ்டோருக்குப் போகும் வரை நடப்பதை வரிசையாக எழுதுங்கள். பிராசஸ் ஷீட்டில் இருப்பதை அல்ல, நடப்பதை. நம் ஷாஃப்ட்டுக்கு அது இப்படி வரும் (செட்டிங் என்பது லாட்டுக்கு ஒரு முறை இயந்திரத்தைத் தயார் செய்யும் நேரம்):

0010 பேண்ட்சாவில் வெட்டுதல்: செட்டிங் 10 நிமிடம், ஒன்றுக்கு 1.20 நிமிடம்
0020 ஃபேசிங், சென்டரிங்: செட்டிங் 20, ஒன்றுக்கு 0.90
0030 சிஎன்சி டர்னிங்: செட்டிங் 45, ஒன்றுக்கு 3.42
0040 கீவே மில்லிங்: செட்டிங் 30, ஒன்றுக்கு 2.50
0050 இண்டக்ஷன் ஹார்டனிங்: வெளியே ஜாப் ஒர்க், 4 நாள்
0060 சிலிண்ட்ரிகல் கிரைண்டிங்: செட்டிங் 40, ஒன்றுக்கு 2.80
0070 இறுதிச் சோதனை: ஒன்றுக்கு 0.50

எண்களை 10, 20 என்று இடைவெளி விட்டே போடுங்கள். நாளைக்கு 0040-க்கும் 0050-க்கும் நடுவில் டீபர்ரிங் என்று ஒன்று சேர்ந்தால் 0045 என்று நுழைத்துவிடலாம்.

சிஎன்சி-யின் 3.42 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இயந்திரத்தின் திரை காட்டும் சைக்கிள் டைம் 2 நிமிடம் 50 நொடி. அதையே எழுதிக்கொண்டு வந்துவிடக் கூடாது. ஜாபைக் கழற்றி அடுத்ததை மாட்ட 25 நொடி. ஐந்து ஷாஃப்ட்டுக்கு ஒன்றை மைக்ரோமீட்டரில் அளக்க 30 நொடி, அதாவது ஒன்றுக்கு 6 நொடி. அறுபது ஷாஃப்ட்டுக்கு ஒரு முறை டிப் (வெட்டும் முனை) மாற்றி ஆஃப்செட் சரிபார்க்க 4 நிமிடம், ஒன்றுக்கு 4 நொடி. கூட்டினால் 205 நொடி, 3.42 நிமிடம். திரையில் தெரிந்ததைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல். குறைந்தது பத்து ஜாப்பாவது தொடர்ந்து பார்த்து எழுதுங்கள். முதல் ஷிஃப்ட்டில் ஐந்து, இரண்டாம் ஷிஃப்ட்டில் ஐந்து என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

டீ குடிக்கும் நேரம், கரண்ட் போன நேரம், ஆள் வராத நேரம் இவற்றை இந்த எண்ணில் கலக்காதீர்கள். அவற்றுக்கு ஒர்க் சென்டரில் தனி இடம் உண்டு. இங்கேயும் 15 சதவீதம் கூட்டி அங்கேயும் 15 சதவீதம் கழித்தால், இல்லாத நெருக்கடி இருப்பதாகத் திட்டம் காட்டும்.

உங்கள் லாகினைச் சரிபாருங்கள்

எதையும் உள்ளிடும் முன் எஸ்யூ3-இல் டெசிமல் நொட்டேஷனைப் பாருங்கள். எஸ்ஏபி ஜெர்மனியில் பிறந்த மென்பொருள். அங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. புதிய லாகினில் யாரும் மாற்றாமல் விட்டால் அந்த முறையே இருக்கும். அப்போது ராடு அளவு 1.217 கிலோ என்று நீங்கள் அடிப்பதை அது 1,217 கிலோ என்று எடுத்துக்கொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராமல் போகக்கூடும். ஒரு ஷாஃப்ட்டுக்கு ஒரு டன்னுக்கு மேல் எஃகு கேட்டு பர்ச்சேஸ் ரெக்விசிஷன் (கொள்முதல் கோரிக்கை) விழுந்த பிறகு தேடுவதைவிட இப்போதே பார்த்துவிடுவது நல்லது. மாற்றியதும் லாக் ஆஃப் செய்துவிட்டுத் திரும்ப உள்ளே வாருங்கள்.

மெட்டீரியல் மாஸ்டர்

எம்எம்01. ஒரு பொருளைப் பற்றிய அடிப்படைத் தகவல்கள் எல்லாம் இருக்கும் பதிவு இது. ராடு, ஷாஃப்ட், பம்ப் மூன்றுக்கும் தனித்தனி எண். வகைகள்: ராடு 'ரோ', ஷாஃப்ட் 'ஹால்ப்', பம்ப் 'ஃபெர்ட்'. இவை மூலப்பொருள், பாதி முடிந்த பொருள், முடிந்த பொருள் என்பதற்கான ஜெர்மன் சொற்களின் சுருக்கங்கள்.

எம்ஆர்பி என்பது எந்தப் பொருள் எப்போது எவ்வளவு வேண்டும் என்று கணினி போடும் கணக்கு. ஜெர்மன் என்பதை நினைவில் வைத்திருந்தால் எம்ஆர்பி 2 டேபில் உள்ள ஒரு பொறியிலிருந்து தப்பலாம். புரொக்யூர்மெண்ட் டைப் என்ற இடத்தில் 'இ' என்றால் நம் ஆலையிலேயே செய்வது, 'எஃப்' என்றால் வெளியிலிருந்து வாங்குவது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்து 'இ' என்றால் எக்ஸ்டர்னல் என்று நினைப்பவர்கள் ஷாஃப்ட்டை வாங்கும் பொருளாக்கிவிடுகிறார்கள். ராடுக்கு எஃப், ஷாஃப்ட்டுக்கும் பம்புக்கும் இ.

எம்ஆர்பி 1-இல் எம்ஆர்பி டைப் பிடி. லாட் சைஸ் தொடக்கத்தில் இஎக்ஸ் வையுங்கள், தேவை எவ்வளவோ அவ்வளவுக்கு ஆர்டர் வரும். லாட் 200 என்று உறுதியாகத் தெரிந்தால் எஃப்எக்ஸ் போட்டு 200 கொடுக்கலாம். எம்ஆர்பி 2-இல் ஷெட்யூலிங் மார்ஜின் கீ (ஆர்டருக்கு முன்னும் பின்னும் விடும் கூடுதல் நாட்கள்) கட்டாயம் கேட்கும். நிறுவனத்தில் ஏற்கெனவே வைத்திருப்பதைப் போடுங்கள், 000 வழக்கமாக மார்ஜின் இல்லாதது.

எம்ஆர்பி 2-இல் இன்-ஹவுஸ் புரொடக்ஷன் டைம் என்று நாட்களில் ஒரு எண் கேட்கிறது. இப்போதைக்கு ஒரு மதிப்பீடு போட்டு வையுங்கள். அதற்குத் திரும்ப வருவோம், அது மிக முக்கியமான எண்.

காஸ்டிங் 1 டேபில் காஸ்டிங் லாட் சைஸ் இருக்கிறது. அதை 1 என்று விட்டால், சிஎன்சி-யின் 45 நிமிட செட்டிங் முழுவதும் ஒரே ஷாஃப்ட்டின் தலையில் விழும். மணிக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 45 நிமிடத்துக்கு 300 ரூபாய். ஒரு ஷாஃப்ட்டுக்கு 300 ரூபாய் செட்டிங்! 200 என்று போட்டால் அது 1.50 ரூபாய். விலை கேட்டு வாடிக்கையாளர் காத்திருக்கும்போது இந்த வித்தியாசம் ஆர்டரையே கொண்டுபோய்விடும்.

ஒர்க் சென்டர்

சிஆர்01-க்குப் போகும் முன் கணக்குப் பிரிவிடம் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எந்த காஸ்ட் சென்டர், அதில் எந்தெந்த ஆக்டிவிட்டி டைப் (மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் போடும் வேலை வகை). செட்டிங், இயந்திரம், ஆள் மூன்றுக்கும் கேபி26-இல் கட்டணம் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கட்டணம் இல்லாத ஆக்டிவிட்டி பின்னால் காஸ்டிங்கில் பிழையாக வந்து நிற்கும், அப்போது நிதியாண்டும் வெர்ஷனும் எது என்று தேட வேண்டியிருக்கும்.

ஒர்க் சென்டர் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். வரிசை எண், வாங்கிய ஆண்டு என்று எல்லாவற்றையும் அதில் திணிக்கப் பார்க்காதீர்கள். இயந்திர வகையும் எண்ணும் போதும்.

பேசிக் டேட்டா டேபில் வகை 0001, அதாவது இயந்திரம். யூசேஜ் 009, ரூட்டிங் போன்ற எல்லாவகை டாஸ்க் லிஸ்ட்டுக்கும் (வேலைப் பட்டியலுக்கும்) பயன்படும். ஸ்டாண்டர்ட் வேல்யூ கீ எஸ்ஏபி1. இதுதான் செட்டிங், மெஷின், லேபர் என்று மூன்று நேரக் கட்டங்களை ரூட்டிங்கில் திறக்கிறது. அங்கேயே அந்த மூன்றும் கட்டாயமா என்று தேர்ந்தெடுக்க ஒரு பத்தி இருக்கிறது. மெஷின் நேரத்துக்குக் கட்டாயம் என்று வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது நேரமே போடாமல் சேமித்துவிட்டுப் போவார்கள், அந்த இயந்திரத்துக்குச் சுமையே காட்டாது.

டீஃபால்ட் வேல்யூஸ் டேபில் கண்ட்ரோல் கீ பிபி01, அதாவது ஆபரேஷன் நம் ஆலைக்குள் நடப்பது. நேரங்களுக்கான அலகை இங்கேயே நிமிடம் என்று குறித்துவிடுங்கள். இது ஒரு நிமிட வேலை. செய்யாமல் விட்டால், ரூட்டிங் போடுபவர் அலகை ஒவ்வொரு முறையும் தானே தேர்ந்தெடுப்பார், ஒருநாள் மணி என்று விழும். 3.42 மணி × 200 = 684 மணி. இரண்டு ஷிஃப்ட்டில் 50 நாள். ஒரு நாள் வேலை 50 நாளாகிவிடும்.

கெபாசிட்டீஸ் டேபில் வகை 001 மெஷின். செட்டிங்குக்கு எஸ்ஏபி005, பிராசஸிங்குக்கு எஸ்ஏபி006 என்ற ஃபார்முலா. ஷெட்யூலிங் டேபில் எஸ்ஏபி001-உம் எஸ்ஏபி002-உம். காஸ்டிங் டேபில் எஸ்ஏபி005, 006, 007 முறையே மூன்று ஆக்டிவிட்டிக்கும். கெபாசிட்டீஸ் டேபில் ஃபார்முலா விட்டுப்போனால் ஆர்டருக்குத் தேதி சரியாக வரும், ஆனால் இயந்திரத்தின் சுமைப் பட்டியலில் ஒன்றுமே இருக்காது. ஷெட்யூலிங்கில் விட்டுப்போனால் நேர்மாறு. காஸ்டிங்கில் விட்டால் விலை குறைவாக வரும். ஒன்று சரியாக இருப்பதால் மற்றவையும் சரி என்று எண்ணிவிடாதீர்கள், மூன்றும் தனித்தனிக் கணக்குகள்.

கெபாசிட்டி ஹெடருக்குள் போய் ஷிஃப்ட்டைச் சொல்லுங்கள். தொடக்கம் 06:00, முடிவு 23:00, இடைவேளை 1 மணி, யூட்டிலைசேஷன் 85, தனி இயந்திரங்கள் 1. மொத்தம் 16 மணியில் 85 சதவீதம், ஒரு நாளைக்கு 13.6 மணி, அதாவது 816 நிமிடம். கரண்ட், ரிப்பேர், ஆள் வராமை எல்லாம் அந்த 15 சதவீதத்துக்குள் அடங்குகின்றன. நம் லாட்டுக்கு 45 + 684 = 729 நிமிடம். ஒரே நாளில் முடிந்துவிடும். ஃபேக்டரி காலண்டரில் பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி விடுமுறைகள் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க மறக்காதீர்கள். காலண்டர் வேறு மாநிலத்துக் கிளையிலிருந்து நகலெடுத்ததாக இருந்தால் பெரும்பாலும் இருக்காது.

ஒரே மாதிரி நான்கு சிஎன்சி இருந்தால் ஒரு ஒர்க் சென்டரா நான்கா? எந்த ஜாபையும் எந்த இயந்திரத்திலும் போடலாம் என்றால் ஒன்றே போதும், தனி இயந்திரங்கள் என்ற இடத்தில் 4. ஒன்றில் மட்டும் பார் ஃபீடர் இருக்கிறது, இன்னொன்று பழையது, டாலரன்ஸ் பிடிக்காது என்றால் பிரித்துவிடுங்கள். ஆனால் 4 என்று போட்டதால் ஒரு ஆர்டர் நான்கில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடாது. கொள்ளளவுதான் நான்கு மடங்கு. ஒரு ஆர்டர் வழக்கம்போல் ஒரு இயந்திரத்திலேயே ஓடும். பிரித்து ஓட்ட வேண்டுமென்றால் ரூட்டிங்கின் ஆபரேஷனில் ஸ்ப்ளிட்டிங் என்பதைத் தனியாகத் திறக்க வேண்டும், அப்போது செட்டிங்கும் ஒவ்வொரு இயந்திரத்திலும் நடக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஷெட்யூலிங் டேபிலேயே க்யூ டைம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. புதியவர்கள் காலியாக விட்டுவிடுவார்கள். நம் ஏழு ஆபரேஷன்களில் வெளியே போவதை விட்டுவிட்டுக் கூட்டினால், 200 ஷாஃப்ட்டுக்கு 2,409 நிமிடம், ஏறக்குறைய 40 மணி, இரண்டு ஷிஃப்ட்டில் மூன்று நாள் வேலை. ஜாப் ஒர்க் 4 நாள் சேர்த்தால் ஏழு. ஆனால் போர்மேனைக் கேட்டால் ஷாஃப்ட் வர பத்து நாளாகும் என்பார். அவர் சொல்வது சரி. சிஎன்சி முன்னால், மில்லிங் முன்னால், கிரைண்டிங் முன்னால் கிரேட்டுகள் ஒவ்வொரு நாள் காத்துக் கிடக்கின்றன. அந்த மூன்று நாளைக் க்யூ டைமில் எழுதாவிட்டால் கணினி சொல்லும் தேதிகளை ஷாப் ஃப்ளோரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

பிஓஎம்

பிஓஎம் என்பது ஒரு பொருளைச் செய்ய என்னென்ன, எவ்வளவு வேண்டும் என்ற பட்டியல். சிஎஸ்01, யூசேஜ் 1. ஷாஃப்ட்டுக்கு ஒரே ஒரு பொருள்தான், ராடு. ஐட்டம் கேட்டகரி எல், ஸ்டோரில் இருப்பு வைக்கும் பொருள். எவ்வளவு கிலோ என்பதில்தான் கவனம் வேண்டும்.

300 மி.மீ. நீளம், 25 மி.மீ. விட்டம், எஃகின் அடர்த்தி 7.85 என்று பெருக்கினால் 1.156 கிலோ வரும். வரைபடத்தைப் பார்த்து இதையே போட்டுவிடுவார்கள். ஆனால் ஃபேசிங்குக்கு 3 மி.மீ. விட்டு வெட்டுகிறோம், பிளேடு 2 மி.மீ. தின்கிறது. ஆக ஒன்றுக்கு 305 மி.மீ. ஆறு மீட்டர் ராடில் 19 துண்டு, கடைசியில் 205 மி.மீ. மிச்சம். ராடின் எடை 23.12 கிலோ. 19-ஆல் வகுத்தால் 1.217. இதுதான் பிஓஎம்-இல் வர வேண்டிய எண். வித்தியாசம் 61 கிராம். ஆயிரம் ஷாஃப்ட்டுக்கு 61 கிலோ. ஆண்டு இறுதியில் ஸ்டோர் கணக்கு உதைக்கும்போது ஸ்டோர்காரரைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள், அவர் பாவம் சரியாகத்தான் கொடுத்திருப்பார்.

மிச்சத் துண்டை எடைக்குப் போடுகிறீர்கள் என்றால், ஸ்கிராப் என்று ஒரு பொருளை உருவாக்கி பிஓஎம்-இல் எதிர்மறை அளவில் சேர்க்கலாம். ஷாஃப்ட் ஒன்றுக்கு 42 கிராம், அதாவது கழித்தல் குறியோடு 0.042 கிலோ.

பிஓஎம் அளவுக்கும் ரூட்டிங் நேரத்துக்கும் தசமத்தில் மூன்று இலக்கம்தான் இடம். பம்ப் அசெம்ப்ளியில் கிரீஸ் போன்றவை ஒன்றுக்குச் சில கிராமே போகும், 2.4 கிராமைக் கிலோவில் எழுதினால் 0.002 என்று முறிந்துவிடும். பேஸ் குவாண்டிட்டியை, அதாவது எத்தனை பொருளுக்கு இந்த அளவு என்பதை, 1,000 ஆக்கி 2.400 கிலோ என்று எழுதுங்கள்.

சேதாரத்தைச் சொல்ல மெட்டீரியல் மாஸ்டரில் அசெம்ப்ளி ஸ்கிராப், பிஓஎம்-இல் காம்போனென்ட் ஸ்கிராப், ரூட்டிங்கில் ஆபரேஷன் ஸ்கிராப் என்று மூன்று இடங்கள் இருக்கின்றன. மூன்றையும் நிரப்பிப் பார்க்கும் ஆசை வரும். தொடக்கத்தில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அசெம்ப்ளி ஸ்கிராப்பும் காம்போனென்ட் ஸ்கிராப்பும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பெருகும், ஒரே சேதத்துக்கு இரண்டு முறை ராடு வாங்குவீர்கள்.

இப்போது ரூட்டிங்

சிஏ01. ஷாஃப்ட் எண், பிளாண்ட், கீ டேட். கீ டேட்டாக இன்றைய தேதியைத் தானே காட்டும், அப்படியே என்டர் தட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே கடந்துபோன ஏப்ரல் 1 போன்ற ஒரு தேதியைக் கொடுங்கள், பிஓஎம்-க்கும் அதே தேதி. ஏன் என்றால், ஆர்டரைப் பின்னோக்கி ஷெட்யூல் செய்யும்போது தொடக்கத் தேதி ரூட்டிங் பிறந்த நாளுக்கு முன்னால் போய்விட்டால், அந்த நாளில் ரூட்டிங்கே இல்லை என்று கணினி முடிவு செய்துவிடும்.

ஹெடரில் யூசேஜ் 1, ஸ்டேட்டஸ் 4, லாட் சைஸ் 1 முதல் 99,999,999 வரை. ஸ்டேட்டஸை 1-இல் விட்டுவிட்டு ஆர்டரில் ரூட்டிங் வரவில்லை என்று அரை நாள் தேடுவது எல்லாப் புதியவர்களுக்கும் நடப்பது. 2 ஆர்டருக்கு மட்டும், 3 காஸ்டிங்குக்கு மட்டும், 4 இரண்டுக்கும்.

ஆபரேஷன் திரையில் ஏழு வரிகளையும் அடியுங்கள். பேஸ் குவாண்டிட்டியை 100 ஆக வையுங்கள். அப்போது சிஎன்சி மெஷின் நேரம் 342 நிமிடம், ஃபேசிங் 90, கீவே 250. செட்டிங் லாட்டுக்கு ஒரு முறைதான், அதை 100-ஆல் பெருக்கக் கூடாது. 45 என்றால் 45. முந்தைய ஆள் 1-க்குப் போட்ட ரூட்டிங்கை நகலெடுத்து நீங்கள் 100-க்கான நேரத்தை எழுதினால் நூறு மடங்கு சுமை. ஆகவே எண்ணை அடிக்கும் முன் ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் பேஸ் குவாண்டிட்டியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

லேபர் நேரம் மெஷின் நேரம்தானே என்று அதே எண்ணைப் போடாதீர்கள். ஒரு ஆபரேட்டர் இரண்டு சிஎன்சி பார்க்கிறார் என்றால் 342-க்கு லேபர் 171. இறுதிச் சோதனையில் இயந்திரமே இல்லை, லேபர் மட்டும் 50. அங்கே மெஷின் நேரத்தைக் கட்டாயமாக்காத தனி ஒர்க் சென்டர் வேண்டும். வகை 0003, கெபாசிட்டி 002.

0050-க்குக் கண்ட்ரோல் கீ பிபி02, அதாவது வெளியே நடப்பது. அந்த வரியின் உள்ளே எக்ஸ்டர்னல் பிராசஸிங் பகுதியில் டெலிவரி நாள் 4, விலை, காஸ்ட் எலிமெண்ட், மெட்டீரியல் குரூப், பர்ச்சேஸிங் குரூப். ஜாப் ஒர்க் செய்பவருக்கு இன்ஃபோ ரெக்கார்டு (அவருடைய விலை விவரப் பதிவு) இருந்தால் அதைச் சேர்த்துவிடுங்கள், விலை அதிலிருந்தே வரும். ஆர்டர் போட்டதும் இந்த வரிக்குப் பர்ச்சேஸ் ரெக்விசிஷன் தானாக உருவாகும். ஷாஃப்ட்டுகள் வெளியே போவதற்கான டெலிவரி சலானைத் தனியே பார்க்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அடுத்து காம்போனென்ட் அலகேஷன். எந்தப் பொருள் எந்த ஆபரேஷனுக்குத் தேவை என்று இணைக்கும் இடம். இணைக்காவிட்டால் எல்லாம் முதல் ஆபரேஷனுக்குத் தேவை என்று எடுத்துக்கொள்ளும். ஷாஃப்ட்டுக்கு ராடு ஒன்றுதான், 0010, அதனால் வித்தியாசம் தெரியாது. பம்ப் அசெம்ப்ளியில் தெரியும். கடைசி நாள் பேக்கிங்குக்கு வேண்டிய அட்டைப்பெட்டி முதல் நாளே இல்லை என்று ஆர்டர் சிவப்பில் நிற்கும்.

புரொடக்ஷன் வெர்ஷன்

சி223. இந்த பிஓஎம்-ஐயும் இந்த ரூட்டிங்கையும் சேர்த்துத்தான் ஷாஃப்ட் செய்கிறோம் என்று கட்டிவைக்கும் முடிச்சு இது. எஸ்ஏபி-யின் பழைய பதிப்பான இசிசி-யில் இல்லாமலும் சமாளிக்கலாம். புதிய பதிப்பான எஸ்/4 ஹானாவில் எம்ஆர்பி இது வழியாகத்தான் பிஓஎம்-ஐத் தேடும், இல்லாவிட்டால் பிளான்டு ஆர்டர் (திட்ட ஆர்டர்) வரும், உள்ளே ராடு இருக்காது. போட்டதும் செக் பொத்தானை அழுத்திப் பச்சை வருகிறதா என்று பாருங்கள். இதன் தேதி எல்லைகளும் லாட் எல்லைகளும் ரூட்டிங்கின் எல்லைகளுக்குள் இருக்க வேண்டும்.

அந்த நாட்கள் எண்ணுக்குத் திரும்ப வருவோம்

இன்-ஹவுஸ் புரொடக்ஷன் டைமைப் பிறகு பார்ப்போம் என்று விட்டோம். சாதாரணமாக எம்ஆர்பி ஓடும்போது பேசிக் டேட்ஸ் முறையில்தான் ஓடுகிறது. அப்போது அது உங்கள் ரூட்டிங்கைத் திறந்தே பார்ப்பதில்லை. மெட்டீரியல் மாஸ்டரில் எழுதிய நாட்களை மட்டும் எடுத்து, தேவைத் தேதியிலிருந்து பின்னால் கழித்து, ராடு எப்போது வேண்டும் என்று சொல்லிவிடும். 50 ஷாஃப்ட்டுக்கும் 500-க்கும் அதே நாட்கள்தான். நீங்கள் இரண்டு வாரம் நேரம் அளந்து போட்ட ரூட்டிங் அருமையாக இருக்கும், அங்கே மட்டும் யாரோ போட்ட 2 நாள் கிடக்கும். ராடு எப்போதும் தாமதமாக வரும், காரணம் யாருக்கும் புரியாது.

ஆகவே ரூட்டிங் முடிந்ததும் அதற்குள்ளேயே ஷெட்யூலிங் ஓட்டி, வந்த நாட்களை மெட்டீரியல் மாஸ்டரில் ஏற்றுங்கள். ஒன்றிரண்டு என்றால் சிஏ02-க்குள்ளிருந்தே செய்யலாம், நூற்றுக்கணக்கில் என்றால் சிஏ97. நம் ஷாஃப்ட்டுக்கு 200 லாட்டில் மூன்று நாள் இயந்திரம், மூன்று நாள் காத்திருப்பு, நான்கு நாள் ஜாப் ஒர்க், மொத்தம் பத்து. எம்ஆர்பி-யை லீட் டைம் ஷெட்யூலிங்கோடு ஓட்டினால் ரூட்டிங்கையே படிக்கும், ஆனால் ஓட நேரம் பிடிக்கும், ஒரு ரூட்டிங் தவறினாலும் பிழை வரும். புதிதாகத் தொடங்கும் ஆலை பேசிக் டேட்ஸில் ஆரம்பித்து, நாட்களை ஒழுங்காக வைத்துக்கொண்டாலே நன்றாக ஓடும்.

சோதித்துப் பார்ப்பது

மூன்று சோதனைகளைச் செய்யாமல் யாருக்கும் ஒப்படைக்காதீர்கள்.

முதலாவது சிகே11என்-இல் காஸ்ட் எஸ்டிமேட். அதே மணிக்கு 400 ரூபாய் வீதத்தில் சிஎன்சி வரியில் மெஷினுக்கு 22.80, செட்டிங்குக்கு 1.50 ரூபாய் என்று கையால் போட்ட கணக்கு அப்படியே வர வேண்டும். 2,280 வந்தால் பேஸ் குவாண்டிட்டி, 1,368 வந்தால் மணிக்கும் நிமிடத்துக்கும் குழப்பம். வித்தியாசம் 100 மடங்கா 60 மடங்கா என்று பார்த்தாலே எது தவறு என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது சிஓ01-இல் 200-க்கு ஒரு ஆர்டர். ஏழு ஆபரேஷனும் வருகிறதா, 0050-க்கு ரெக்விசிஷன் விழுந்ததா, ராடு 243.4 கிலோ கேட்கிறதா என்று பாருங்கள். ஏழுக்குப் பதிலாக ஒர்க் சென்டர் இல்லாத ஒரே ஒரு ஆபரேஷன் மட்டும் வந்தால் ரூட்டிங்கை அது கண்டுபிடிக்கவில்லை. ஸ்டேட்டஸ், தேதி, லாட் எல்லை, யூசேஜ், பிளாண்ட் என்ற வரிசையில் தேடுங்கள்.

மூன்றாவது சிஎம்01. சிஎன்சி ஒர்க் சென்டரில் இந்த ஆர்டருக்கு 12.15 மணி சுமை தெரிய வேண்டும். 729 நிமிடத்தை 60-ஆல் வகுத்தால் அதுதான். பிறகு அந்த ஆர்டரின் தேதிகளைத் தாளில் அச்சிட்டுப் போர்மேனிடம் காட்டுங்கள். இது நடக்குமா என்று கேளுங்கள். அவர் தலையாட்டாத இடத்தில் உங்கள் எண் ஒன்று தவறியிருக்கிறது.

பின்னால் வரும் மாற்றங்கள்

ஆறு மாதத்தில் புது டிப் வரும், 3.42 என்பது 2.90 ஆகும். சிஏ02-இல் நேரடியாக மாற்றினால் ரூட்டிங்கில் பழைய எண் அழிந்துவிடும். சிசி01-இல் ஒரு சேஞ்ச் நம்பர் போட்டு, அதன் தேதியிலிருந்து மாற்றுங்கள். ஒரு இயந்திரத்தை விற்றுவிட்டு வேறு வாங்கினால் ஒவ்வொரு ரூட்டிங்காகத் திறக்க வேண்டியதில்லை. எந்தெந்த ரூட்டிங்கில் அது இருக்கிறது என்று சிஏ80-இல் பார்த்துவிட்டு, சிஏ85-இல் மொத்தமாக மாற்றலாம்.

ரூட்டிங்கை மாற்றினாலும், ஏற்கெனவே போட்ட ஆர்டர்களில் பழைய நேரமே இருக்கும். ஆர்டர் உருவான கணத்தில் ரூட்டிங்கை நகலெடுத்துக்கொள்கிறது, அதன் பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. வேலை தொடங்காத, உறுதிப்பதிவு எதுவும் நடக்காத ஆர்டர் என்றால் சிஓ02-இல் ஃபங்ஷன்ஸ் மெனுவில் மாஸ்டர் டேட்டாவைத் திரும்பப் படிக்கச் சொல்லலாம். அப்படிச் செய்தால் அந்த ஆர்டரில் கையால் செய்த திருத்தங்கள் போய்விடும். யாராவது ராடு எண்ணை மாற்றி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிடுங்கள். வேலை தொடங்கிய ஆர்டர்களைப் பழைய நேரத்திலேயே முடிய விடுங்கள்.